செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கான சிகிச்சைத் திட்டம்: பலனை அளப்பது எப்படி?

போலீஸ் வழக்கு, படிப்பை விட்டு நிற்பது, போதை, கையைக் கிழித்துக்கொள்வது என்று ஆபத்தில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு சேர்த்துத் தரும் சிகிச்சைகள் சில ஆய்வில் தேறியிருக்கின்றன. மல்டிசிஸ்டமிக் தெரபி (எம்.எஸ்.டி.), ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி (எஃப்.எஃப்.டி.) இரண்டும் அதிகம் பேசப்படுபவை. ஒரு மையத்தில் பலித்தது ஊர் ஊராகப் போனாலும் பலிக்குமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் எஃப்.எஃப்.டி.யைப் பரவலாக்கியபோது 2004-ல் வந்த மதிப்பீட்டைப் பாருங்கள். முறைப்படி செய்த ஆலோசகர்களிடம் போன பிள்ளைகள் மறுபடி பெருங்குற்றத்தில் சிக்குவது 38% குறைந்தது. அரைகுறையாகச் செய்தவர்களிடம் போனவர்களுக்குப் பலனே இல்லை. இங்கிலாந்தில் 9 இடங்களில் 684 குடும்பங்களோடு நடந்து 2018-ல் வெளியான எம்.எஸ்.டி. ஆய்வில், 18 மாதம் கழித்து வீட்டை விட்டு வெளியே தங்கவைக்கப்பட்டவர்கள் எம்.எஸ்.டி. பக்கம் 13%, வழக்கமான சேவை பக்கம் 11%. அங்கே வழக்கமான சேவையே ஓரளவு நன்றாக இருந்தது. அதனால் 'சொன்னபடி செய்தார்களா?', 'எதோடு ஒப்பிடுகிறோம்?' என்ற இரண்டுக்கும் பதில் இல்லாத மதிப்பீட்டு அறிக்கை வெறும் விளம்பரம்தான்.

எல்லையும் அனுமதியும்

செட்டிநாடு ஒரே மாவட்டத்தில் இல்லை. சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் ஒன்றியங்கள் சிவகங்கை. திருமயம், அரிமளம், பொன்னமராவதி புதுக்கோட்டை. அரிமளத்துப் பையன் காரைக்குடியில் படிப்பான். வழக்கு வந்தால் கோப்பு எந்த மாவட்டத்துக்கும் போகலாம். இரண்டு மாவட்டத்தின் இளைஞர் நீதிக் குழுமம் (சிறுவர் வழக்குகளை விசாரிப்பது), குழந்தைகள் பாதுகாப்பு அலகு, கல்வித் துறை எல்லாவற்றிலும் தொடக்கத்திலேயே எழுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு பக்கத்துப் பதிவு மட்டும் கையில் இருந்தால், மாவட்டம் தாண்டிச் சிக்கியவனெல்லாம் 'திருந்தியவன்' கணக்கில் ஏறிவிடுவான்.

ஒப்பீடு

சேர்க்கும்போது ஒரு மதிப்பெண், முடிக்கும்போது ஒரு மதிப்பெண், வித்தியாசம்தான் பலன் என்று எழுதாதீர்கள். நிலைமை மிக மோசமான நேரத்தில்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்ச நாளில் பலருக்குத் தானே தணியும்.

எப்படியும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க ஆள் இருக்காது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எந்தப் பள்ளி முதலில், எது ஆறு மாதம் கழித்து என்று எல்லார் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். காத்திருக்கும் பள்ளிகள் ஒப்பீடாகும். ஆர்வமுள்ள தலைமையாசிரியரின் பள்ளியை முதலில் எடுத்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டது. இரு பக்கமும் ஒரே மாதத்தில் அளக்க வேண்டும். பங்குனித் திருவிழாவிலும் தேர்வு விடுமுறையிலும் வரும் ஏற்ற இறக்கம் அப்போதுதான் இரண்டிலும் சமமாக விழும்.

சீட்டு ஒன்றியத்துக்கா, பள்ளிக்கா? பள்ளிக்குத்தான். ஏழெட்டு ஒன்றியத்தை வைத்துப் புள்ளியியல் எதையும் உறுதியாகச் சொல்லாது. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளிக்கு 40 பேர், ஒத்திருப்பின் அளவு (கொஞ்சமும் இல்லை என்றால் 0, முழுக்க என்றால் 1) 0.05 என்றால் 1 + (39 × 0.05) = 2.95. அத்தனை மடங்கு ஆள் வேண்டும். தனித்தனியாக எடுத்தால் 400 பேர் போதும் என்ற ஆய்வுக்கு இங்கே 1,180 பேர் வேண்டும். பட்ஜெட் போடும்போது பலர் தவறவிடும் இடம் இது.

சொன்னபடி நடந்ததா?

எம்.எஸ்.டி.யில் ஓர் ஆலோசகர் ஒரே சமயத்தில் 4 முதல் 6 குடும்பம்தான் பார்ப்பார். 3 முதல் 5 மாதம் நடக்கும். இரவு எந்நேரமும் கூப்பிடலாம். ஒருவருக்கு 20 குடும்பத்தைக் கொடுத்தால் அது எம்.எஸ்.டி. இல்லை, அறிக்கையில் அந்தப் பெயரையும் போடக்கூடாது.

அமர்வுகளின் ஒலிப்பதிவைச் சம்மதத்தோடு எடுத்து, பத்தில் ஒன்றைக் குலுக்கிப் பொறுக்குங்கள். ஆலோசகரைத் தேர்வு செய்யச் சொன்னால் நன்றாக வந்ததைத்தான் தருவார். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும்.

மாதம் ஒருமுறை, சிகிச்சையில் சம்பந்தமில்லாத ஒருவர் தாயாருக்கு போன் போட வேண்டும். "எப்படிம்மா பார்க்கிறாங்க?" என்றால் "நல்லாத்தான் பார்க்கிறாங்க சார்" என்ற மரியாதைப் பதில்தான் வரும். "போன வாரம் வந்தப்ப யார் யார் உட்கார்ந்து பேசினீங்க? என்ன செஞ்சு பார்க்கச் சொன்னாங்க?" என்று கேளுங்கள். தகப்பனார் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அவர் வீடியோ காலில் வந்தாரா, ஆச்சியோ தாய்மாமனோ அவரிடத்தில் உட்கார்ந்தார்களா என்பதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் வையுங்கள்.

பலன்

பிள்ளைகளின் மனநிலையையும் நடத்தையையும் அளக்கும் எஸ்.டி.க்யூ. கேள்வித்தாள் தமிழில் கிடைக்கிறது: 25 கேள்வி, சிக்கல் மதிப்பெண் 0 முதல் 40 வரை. முதல் படிவம் கடந்த ஆறு மாதத்தைக் கேட்கும். தொடர் படிவம் கடந்த ஒரு மாதத்தை. களப்பணியாளர் கையில் ஒரே கட்டைக் கொடுத்தனுப்பினால் இரண்டும் கலந்துவிடும். நிறம் மாற்றி அச்சடியுங்கள்.

குற்றத்தை எஃப்.ஐ.ஆரை வைத்து எண்ணாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலொழிய சிறுவர் மீது எஃப்.ஐ.ஆர். கிடையாது, பொது நாட்குறிப்பில் பதிவு, சமூகப் பின்னணி அறிக்கை, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆரை மட்டும் எண்ணினால் திட்டம் தொடங்குமுன்பே எல்லாரும் உத்தமர்கள். குழுமத்தின் முன் மறுபடி வந்தார்களா, பள்ளி வருகை எத்தனை நாள் என்று எடுங்கள். பெயருக்குப் பதில் எண். பெயர்ப் பட்டியல் ஒருவர் பூட்டில் மட்டும். சிறுவரின் அடையாளம் வெளியே போவது அச்சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம்.

சேர்ந்த எல்லாரையும் கணக்கில் வையுங்கள். பாதியில் திருப்பூர் மில்லுக்கோ சமையல் கோஷ்டியோடோ போனவனைத் தேடிப் பிடித்துக் கேட்கத் தனிப் பணமும் இரண்டு உறவினரின் போன் எண்ணும் வேண்டும். முடித்தவர்களை மட்டும் எடுத்தால் எந்தத் திட்டமும் ஜெயிக்கும்.

கேள்வி கேட்கும்போது சாகும் எண்ணம் வெளிப்பட்டால் படிவத்தை மூடிவிட்டு, பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கான சைல்டுலைன் 1098 இரண்டும் ஒவ்வொரு படிவத்தின் தலைப்பிலும் இருக்கட்டும். பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் கட்டாயம். இதைச் சம்மதம் வாங்கும்போதே பிள்ளையிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி அளவீட்டை நிதி நின்று 12 மாதம் கழித்து வையுங்கள். ஒப்பந்த ஆலோசகர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒலிப்பதிவை இன்னும் யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள். அதற்கான பணத்தை முதல் ஆண்டிலேயே ஒதுக்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.