மணப்பாடு முதல் இடையன்குடி வரை: கோயில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி போகும் கடற்கரைச் சாலையும், அதற்கு உள்ளே தேரிக்காடு என்னும் செம்மணல் காட்டை ஒட்டிக் கிடக்கும் ஊர்களும் ஒருநாள் பயணத்துக்கென்றே அமைந்தவை. கரையோரம் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள், உள்ளே தள்ளினால் சிஎஸ்ஐ என்னும் தென்னிந்தியத் திருச்சபையின் ஊர்கள். தேவாலயத்தையும் இங்கே கோயில் என்றே சொல்வார்கள். தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில் என்று எங்கிருந்து கிளம்பினாலும் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் ஏதாவது ஒரு கோபுரத்தடியில் நிற்கலாம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் யோசித்துக் கிளம்புவதில்லை. நினைத்த நேரத்தில் வண்டியை எடுக்கிறார்கள், பூட்டிய கதவை ஒரு படம் பிடிக்கிறார்கள், பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தப் பக்கம் நடக்கிற தவறுகளில் பாதி ஒரே இடத்தில் தொடங்குகிறது. ஊரை முதலில் முடிவு செய்துவிட்டு, நாளைப் பிறகு பார்க்கிறார்கள். இங்கே அது தலைகீழாக இருக்க வேண்டும். எந்த மாதம், எந்தக் கிழமை என்பது முடிவானால் எந்த ஊர் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

திருவிழா அன்றைக்குக் கட்டடம் பார்க்கப் போவதையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும். அந்தக் கடைசி நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. 1713-ல் எழுந்த கோயிலின் உள்ளழகை நிதானமாகப் பார்க்கலாம் என்று அன்று போகிறவர் நகர முடியாமல் நிற்பார். தங்கத்தேர் பார்க்கலாம் என்று ஆண்டுதோறும் வந்து ஏமாறுகிறவர்களும் உண்டு. 1806-ல் முதன்முதலில் ஓடிய அந்தத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. சிறப்பான சில ஆண்டுகளில் மட்டும் வெளியே வரும். 2013-க்குப் பிறகு 2023-ல்தான் வந்தது.

மணப்பாடும் அப்படித்தான். செப்டம்பர் 1 முதல் 14 வரை திருச்சிலுவைத் திருவிழா. 14-ம் தேதி குன்றின் மேல் கால் வைக்க இடமிருக்காது. கூட்டமும் கடைகளும் ஜெபமும் கலந்த அந்த ஆரவாரம்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள், அதற்கு ஈடில்லை. ஆனால் திருவிழாவைப் பார்ப்பது ஒரு பயணம், கோயிலைப் பார்ப்பது இன்னொரு பயணம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இரண்டும் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டுமானால், கொடியேறிய பிறகு வரும் சாதாரண வார நாள் ஒன்றின் மாலையைத் தேர்ந்தெடுங்கள். தோரணமும் விளக்கும் இருக்கும், நெரிசல் இருக்காது.

பலர் மறக்கிற இன்னொன்று, தேவாலயம் பார்க்கப் போகிறவரும் இந்துக் கோயில்களின் திருவிழா நாட்களைப் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும் என்பது. மணப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் குலசேகரன்பட்டினம் இருக்கிறது. அங்கே முத்தாரம்மன் தசரா நடக்கும் நாட்களில், வேடம் போட்ட பக்தர்களும் தசரா குழுக்களும் சாலை முழுக்க நிறைந்திருப்பார்கள். சூரசம்ஹார இரவில் அந்தப் பக்கம் வண்டி கொண்டுபோவதை நினைத்தே பார்க்காதீர்கள். திருச்செந்தூரில் கந்த சஷ்டி, வைகாசி விசாகம், ஆவணி, மாசித் திருவிழாக்கள் வந்தாலும் இதே கதைதான். அந்த நாட்களில் நாசரேத், சாத்தான்குளம் வழியாக உள்ளே புகுந்துவிடுவது உத்தமம். வேட்டைக்குப் போனவனுக்கு முயல் கிடைத்ததுபோல வழியில் முதலூரும் கிடைக்கும். 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான ஊர் அது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டும் மஸ்கோத் அல்வாவுக்கும் பேர் போனது. வரலாற்றை நம்பி வந்தவர்களைவிட அல்வாவை நம்பி வந்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

பருவத்துக்கு வருவோம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் வருடம் முழுக்க ஒரே வெயில் என்று ஒரு நினைப்பு. தேரிக்காட்டில் ஒரு ஆடி மாதத்தைக் கழித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் செம்மணல் அனலாகிவிடும். கோயில் முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வரை நடக்க முடியாமல் குழந்தைகள் துள்ளுவதைப் பார்க்கலாம். ஆனால் பனை ஏறும் பருவமும் அதுதான். அதிகாலையில் கிளம்பினால் வழியில் பட்டை மடித்துப் பதநீர் கிடைக்கும், நுங்கு கிடைக்கும். இரண்டு கோயில் பார்த்துவிட்டுப் பத்தரைக்குள் நிழல் தேடிவிட வேண்டும். காலை ஒன்பதுக்குக் கிளம்பி உச்சி வெயிலில் மணப்பாட்டுக் குன்றில் ஏறுவது தன்னைத்தானே வதைத்துக்கொள்வது.

ஆனி, ஆடியில் வெயிலைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். மேற்கிலிருந்து வீசும் காற்று தேரி மணலை அள்ளிச் சாலையில் கொட்டும். இருசக்கர வண்டியில் போகிறவர்கள் கண்ணை மூடும் கண்ணாடி இல்லாமல் போகக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இந்தக் காற்று இன்னும் கடுமை. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டது சும்மாவா? கிறிஸ்தவ மறைசாட்சி தேவசகாயம் 1752 ஜனவரி 14-ல் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்கு ஆடியில் போகிறவர்கள் படியில் கைப்பிடியை விடாமல் ஏறுவது நல்லது. 2022-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு அங்கே கூட்டம் கூடியிருக்கிறது. வயதானவர்களைக் காற்றுக்காலத்தில் கூட்டிக்கொண்டு போய்ப் பாதிப் படியில் தவிப்பதைத் தவிர்க்கலாம், தை பிறந்ததும் போகலாம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முதல் பாதி வரை மழை. இந்த மாவட்டத்தில் என்ன பெரிய மழை என்று அலட்சியமாகக் கிளம்பிய காலம் 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். குளம் நிரம்பினால் இங்கே சாலை எது, மறுகால் எது என்று தெரியாது. வானிலை எச்சரிக்கை வந்த நாளில் உள்ளூர்க் குறுக்குவழிகளைக் கைபேசி வரைபடம் காட்டினாலும் நம்பாதீர்கள்.

மழை ஓய்ந்து, கிறிஸ்துமஸிலிருந்து மாசி வரை உள்ள காலம்தான் இந்தப் பக்கத்தின் பொற்காலம். குளங்களில் தண்ணீர் கிடக்கும், கொக்கும் நாரையும் நிற்கும், தேரியில்கூடப் பச்சை தெரியும். மற்ற மாதங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் சிஎஸ்ஐ ஊர்களுக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கியிருப்பார்கள்.

அந்த உள் ஊர்களை விட்டுவிட்டுக் கடற்கரையை மட்டும் பார்த்துத் திரும்புவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் ஊசிக்கோபுரம் பனங்காட்டுக்கு மேலே வெகுதூரத்திலேயே தெரியும். ஜான் தாமஸ் என்ற மிஷனரி, தண்ணீருக்கே தவித்த மணற்காட்டில் இப்படி ஒரு கட்டடத்தை எழுப்ப நினைத்தது துணிச்சலா பிடிவாதமா என்று அதன் அடியில் நிற்கும்போது தோன்றும். உவரியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் இடையன்குடி. ராபர்ட் கால்டுவெல் 1841-ல் அங்கே வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். தூய திரித்துவ ஆலயத்தின் வேலையை 1847-ல் தொடங்கி 1880-ல் முடித்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள்! ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பு வந்த 1856-ல் கோயில் பாதிகூட முடிந்திருக்காது. 1891-ல் கொடைக்கானலில் இறந்த அவர் உடலை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுவதையும் பாருங்கள், அதுவும் அவர் போட்ட திட்டம்தான். காரை விட்டு இறங்காமல் கோபுரத்தை மட்டும் பார்த்துப் போகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

ஆனால் இந்த ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. கத்தோலிக்கக் கோயில்கள் பகலில் பெரும்பாலும் திறந்திருக்கும். சிஎஸ்ஐ கோயில்கள் ஆராதனை நேரம் தவிரப் பூட்டித்தான் இருக்கும். பூட்டைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். பக்கத்துக் கடையில் "கோயில்குட்டி வீடு எது?" என்று கேளுங்கள், கோயிலைத் திறந்து மணியடிக்கிறவர் அவர்தான். இல்லையென்றால் நேராக ஐயர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டலாம், சபைப் போதகரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "ஐயா, கோயில பாக்கணும், தூரத்துலருந்து வந்துருக்கோம்" என்று சொன்னால் போதும். "எந்த ஊரு? யாரு மக்கா நீ?" என்று நாலு கேள்வி வரும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அதற்குள் சாவிக்கொத்து வந்துவிடும். கனத்த மரக்கதவு திறந்ததும் வௌவால் வாடையும் பழைய பெஞ்சு மரத்தின் வாசமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். சுவரில் பதித்த கல்வெட்டுகளைக் கோயில்குட்டியே விரல் வைத்துப் படித்துக் காட்டுவார். அவருக்கு மத்தியானத் தூக்கம் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. இரண்டிலிருந்து நாலு மணிக்குள் போய் எழுப்புவது நியாயமில்லை. போகும்போது அவர் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவது வழக்கம்.

ஞாயிறு காலை போனால் கதவு திறந்திருக்கும், ஆனால் ஆராதனை நடந்துகொண்டிருக்கும். உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்காரலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எழுந்து நின்று கைபேசியில் படம் பிடித்தால் சொல்வார்கள். பூசை நேரத்தில் பீடத்துக்கு முன்னால் போய் நின்று தன்படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே எழுந்து நாலு வார்த்தை கேட்கத் தோன்றும். செருப்பு வாசலில்தான், எந்தச் சபையானாலும். கல்லறைத் தோட்டத்தைப் படத்துக்கான பின்னணியாக நினைக்க வேண்டாம். நவம்பர் 2-ம் தேதி பார்த்தால் தெரியும், அந்த ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு நெருக்கமான இடம் என்று. தவக்காலத்தின் கடைசி நாட்களில் பல கத்தோலிக்கக் கோயில்களில் சுரூபங்களை, அதாவது புனிதர்களின் சிலைகளை, ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். பீடத்து வேலைப்பாடுகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஈஸ்டர் கழிந்து போகட்டும்.

ஒரே நாளில் ஏழு கோயில் என்று பட்டியல் போடுவதும் வேலைக்காகாது. மணப்பாட்டுக்கே அரை நாள் வேண்டும். குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், அதன் அடியில் கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, ஊருக்குள் இன்னும் பெரிய கோயில்கள், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கழிமுகமுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு. சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தார். 1544-ல் மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. குன்றின் மேலுள்ள சிலுவை, புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கடிதம் சான்று, கப்பல் கதை ஊரின் நம்பிக்கை. கதையைக் கேட்க வேண்டுமானால் வாசலில் வலை பின்னும் பெரியவரிடம் கேளுங்கள், பலகையில் எழுதியிருப்பதைவிட நன்றாகச் சொல்வார். குன்றின் கீழே பாறைகளுக்கு நடுவில் குளிக்க மட்டும் இறங்காதீர்கள். அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் தேடி வருகிற கடல் அது, அலை எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். கடற்கரை ஊர் ஆயிற்றே, ஞாயிற்றுக்கிழமை புது மீன் கிடைக்கும் என்று நினைத்துப் போவார்கள். இந்தக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. மீன் சாப்பாடுதான் முக்கியம் என்றால் வார நாளில் போங்கள். உவரி அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் கூடும் என்பதால் அந்தக் கிழமையை விட்டுவிடலாம். கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும் அதே ஊரில்தான், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

சிஎஸ்ஐ ஊரில் அசனம் என்னும் சபை விருந்து நடக்கும் நாளில் போய் மாட்டிக்கொண்டால் அது தவறே இல்லை, அதிர்ஷ்டம். பெரிய பெரிய பாத்திரங்களில் சோறும் கறிக்குழம்பும் ஊருக்கே ஆகும். உட்காருங்கள் என்று யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள். மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் வைத்திருக்கும் புளியோதரையைப் பிரிக்காதீர்கள், அதுதான் மரியாதைக் குறைவு.

திரும்பும்போது கருப்பட்டி வாங்காமல் யாரும் வருவதில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, சாலையோரக் கடை எல்லாமே உடன்குடிக் கருப்பட்டிக் கடையாகிவிட்டது. பதநீர் இறக்காத மழைக்காலத்தில் "நேத்து காய்ச்சினது" என்று ஒருவர் நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். பங்குனிக்கு மேல் ஆடிக்குள், பனையேறுகிறவர் வீட்டிலேயே கேட்டு வாங்குவது நல்லது. கடையில்தான் வாங்க வேண்டுமென்றால் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனி போலப் பளபளத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.