லேப்டாப் எந்த சுவிட்ச்சில் இருக்கிறது? லிஸ்ப் கண்டுபிடிக்கும் விதம்

மூன்றாவது மாடியில் இருந்த லேப்டாப்பை முதல் மாடிக்குக் கொண்டுபோகிறீர்கள். ஐபி முகவரி மாறவில்லை, ஆனாலும் பாக்கெட் சரியாக வந்து சேர்கிறது. சிஸ்கோவின் எஸ்டி-ஆக்சஸ் (அலுவலக வளாகங்களுக்கான, மென்பொருள் வழியே நிர்வகிக்கும் அமைப்பு) நெட்வொர்க்கில் இந்த வேலையைப் பார்ப்பது லிஸ்ப் என்ற புரோட்டோகால். (அதே பெயருள்ள நிரல்மொழிக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

ஒரு தாளில் வரைந்துகொண்டே படியுங்கள். மேலே கண்ட்ரோல் பிளேன் நோட் (யார் எங்கே என்ற பதிவேட்டை வைத்திருக்கும் கருவி), கீழே மூன்று எட்ஜ் சுவிட்ச் (லேப்டாப் போன்றவை நேராக இணையும் சுவிட்ச்): அ, ஆ, இ.

படி 1: லேப்டாப்புக்குப் பக்கத்தில் 10.10.20.15 என்று எழுதுங்கள். அது யார் என்பதைச் சொல்லும் முகவரி, ஈஐடி. அ சுவிட்ச்சுக்கு 192.168.255.11. அது எங்கே என்பதைச் சொல்வது, ஆர்லாக். வழக்கமான ரூட்டிங்கில் ஒரே ஐபி இரண்டையும் சுமக்கிறது. இந்தப் பிரிவு பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 2: லேப்டாப் இணைந்ததும் அ சுவிட்ச், "இவர் என்னிடம் இருக்கிறார்" என்று கண்ட்ரோல் பிளேன் நோடில் பதிகிறது. இது மேப்-ரெஜிஸ்டர். யுடிபி போர்ட் 4342.

படி 3: ஆ சுவிட்ச்சில் இருப்பவர் லேப்டாப்புக்கு ஏதோ அனுப்புகிறார். ஆ தன் மேப்-கேஷில் (ஏற்கெனவே கேட்டு வாங்கிய பதில்களின் பட்டியல்) தேடுகிறது, இல்லை. கண்ட்ரோல் பிளேன் நோடுக்கு மேப்-ரிக்வெஸ்ட் அனுப்பிக் கேட்கிறது, மேப்-ரிப்ளையில் .11 என்று பதில் வருகிறது. அதைக் கேஷில் வைத்துக்கொண்டு, பாக்கெட்டை விஎக்ஸ்லான் உறைக்குள் (அ-வின் முகவரி எழுதிய வெளிப் பாக்கெட்) போட்டு அ-வுக்கு அனுப்புகிறது. தேவைப்பட்டபோது மட்டும் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். இதே வேலைக்கான இன்னொரு முறையான பிஜிபி இவிபிஎன் எல்லா விவரத்தையும் முன்கூட்டியே பரப்பிவிடும். இங்கே சுவிட்ச்சின் நினைவகம் மிச்சம்.

படி 4: இப்போது லேப்டாப் இ-க்குப் (192.168.255.13) போகிறது. இ புதிதாகப் பதிகிறது. கண்ட்ரோல் பிளேன் நோட் அ-வுக்கும் சொல்லிவிடுகிறது. ஆனால் ஆ-வின் கேஷில் இன்னும் பழைய .11 தான்! அது அ-வுக்கே அனுப்பும். அப்போது அ, "என்னிடம் இல்லை, மறுபடி கேள்" என்று ஆ-வுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. பெயர் சொலிசிட்-மேப்-ரிக்வெஸ்ட், சுருக்கமாக எஸ்எம்ஆர். ஆ திரும்பக் கேட்டு .13-ஐப் பெறுகிறது. இந்த அம்புக்குறிகளை மட்டும் இரண்டு முறை வரைந்து பாருங்கள்.

படி 5: பிங் போகவில்லையா? முதலில் கண்ட்ரோல் பிளேன் நோடில் 'ஷோ லிஸ்ப் சைட்' என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள். 10.10.20.15 பதிவாகவில்லை என்றால் லேப்டாப் இருக்கும் சுவிட்ச்சுக்குப் போங்கள். ஆ-வில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சரி, பதிவு இருக்கிறது என்றால் அப்புறம் ஆ-வின் மேப்-கேஷ். அங்கே இன்னும் .11 என்றே இருந்தால், சிக்கல் படி 4-இல்.