கார் சார்ஜர் வயரும் மகளின் கட்டிலும்: என் அனுபவம்

வீட்டில் மின்சாரக் காருக்கு 7.4 கிலோவாட் சார்ஜர் மாட்டிய பிறகுதான் கவனித்தேன், அதன் வயர் மகள் தூங்கும் அறைச் சுவருக்குப் பின்னால் போகிறது. இரவு முழுக்க 32 ஆம்பியர். மனது கேட்கவில்லை. காந்தப்புலம் அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கித் தலையணை அருகே வைத்தேன். சார்ஜ் ஓடாதபோது 0.1 மைக்ரோடெஸ்லா, ஓடும்போது 3.

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஎன்ஐஆர்பி பொதுமக்களுக்குச் சொல்லும் வரம்பு, நம் வீட்டு மின்சாரத்தின் அலைவரிசையான 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோடெஸ்லா. ஆக, ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனாலும் 3 எனக்கு உறுத்தியது. ஏனென்றால் மின்னோட்டம் போகும் பேஸ் வயரும் திரும்பும் நியூட்ரல் வயரும் ஒட்டியே போனால், எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். இவ்வளவு மிஞ்சக் கூடாது.

எலக்ட்ரீஷியன் வந்து வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை, சார்ஜர் வயர் போகும் குழாயைச் சுற்றி மாட்டினார். இரண்டு வயரும் உள்ளே இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். வந்தது 31 ஆம்பியர்! நியூட்ரலை மட்டும் எதிர்ச் சுவரின் பழைய குழாய் வழியாகக் கொண்டுபோயிருந்தார்கள். போவதும் திரும்புவதும் சமமாக இருந்ததால், இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் விழவே இல்லை.

சுவரில் அலுமினியத் தகடு ஒட்டலாமா என்று முதலில் யோசித்திருந்தேன். இந்த அலைவரிசையில் மெல்லிய தகடு காந்தப்புலத்தைத் தடுக்காது, அந்தச் செலவு வீண்.

அப்புறம் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒரே குழாயில் புதிதாக இழுத்தோம். அரை நாள் வேலை. அன்றிரவு சார்ஜ் ஓடும்போதே தலையணை அருகே அளந்தேன்: 0.1.