ஓசோன் வேதியியல் காற்றோட்டத்தை மாற்றுவதைக் காலநிலை மாதிரியில் காணும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் இயற்பியல் பயிலும் முதுகலை மாணவர் ஒருவர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிமிப் 6 (CMIP6, பல நாட்டுக் காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் திட்டம்) தரவையும் ஒரு மடிக்கணினியையும் கொண்டே இந்த ஆய்வைச் செய்யலாம். கரியமில வாயுவை நான்கு மடங்காக்கிய இரண்டு ஓட்டங்கள், அதாவது கணினியில் மாதிரியை இயக்கிப் பெற்ற முடிவுகள், தேவை. ஒன்றில் ஓசோனின் அளவை மாதிரியின் வேதிவினைகளே கணக்கிட வேண்டும். மற்றதில் தொழிற்புரட்சிக்கு முந்தைய ஓசோன் மாறாமல் ஊட்டப்பட்டிருக்க வேண்டும். ஓசோன் ஊட்டப்படும் சி.இ.எஸ்.எம் 2 (CESM2) காலநிலை மாதிரியும், ஓசோனைத் தானே கணக்கிடும் அதன் வாக்கம் (WACCM) வடிவமும் பழகுவதற்கு ஏற்றவை. ஆனால் முன்னதற்கு உயரவாக்கில் 32 அடுக்குகளும் பின்னதற்கு 70 அடுக்குகளும் இருப்பதால், காணும் வேறுபாடு முழுவதையும் ஓசோன் மீது ஏற்றிவிடக் கூடாது.

உடனே காற்றுக்குப் போக வேண்டாம். முதலில் ஓசோன் உயரத்தோடு மாறுவதை வரையுங்கள். நம் ஊர் இருக்கும் 12 பாகை வட அட்சக் கட்டத்தை மட்டும் எடுக்காமல், 20 பாகை தெற்கிலிருந்து 20 பாகை வடக்கு வரை சராசரி காணுங்கள். நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டரில், மழையும் மேகமும் உருவாகும் கீழடுக்கான அடிவளி மண்டலம் முடிகிறது. புவி சூடாகையில் வெப்பமண்டலத்தில் மேலேறித் துருவப்பக்கம் இறங்கும் ப்ரூவர்–டாப்சன் காற்றுச் சுழற்சி விரைவுபட்டு, ஓசோன் குறைந்த காற்றை மேலேற்றுவதால், அந்த எல்லைக்குச் சற்று மேலே ஓசோன் குறையும். 40 கிலோமீட்டர் அளவிலோ, காற்று குளிர்ந்து ஓசோனை அழிக்கும் வினைகள் மந்தப்படுவதால் அது கூடும். இவ்விரண்டும் தெரியாவிட்டால் கோப்புகளைச் சரிபாருங்கள்.

வெப்பநிலைப் படத்தில் அடிவளி மண்டலத்தின் உச்சி எல்லையைக் கோடாகக் கட்டாயம் வரைய வேண்டும். சூடான ஓட்டத்தில் அந்த எல்லை உயர்ந்துவிடும். ஊட்டப்பட்ட ஓசோனோ பழைய உயரத்திலேயே நிற்கும். எனவே மேலடுக்குக்கு உரிய ஓசோன் எல்லைக்குக் கீழே அகப்பட்டு, இயற்கையில் இல்லாத வெப்பத்தை உண்டாக்குகிறது. பலர் தவறவிடும் இடம் இதுவே.

இனிக் காற்று. ஓசோன் குறைந்த வெப்பமண்டல மேலடுக்கு குளிர, துருவப்பக்கம் அப்படிக் குளிராவிட்டால், வெப்பநிலை வேறுபாட்டையும் காற்று உயரத்தோடு மாறுவதையும் இணைக்கும் வெப்பக் காற்றுச் சமன்பாட்டின்படி, மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்று உயரத்தோடு நலிய வேண்டும். 1985-இல் அறிவிக்கப்பட்ட அண்டார்க்டிக் ஓசோன் துளையின் விளைவு இதற்கு நேர்மாறானது: அங்கே துருவம் குளிர்ந்ததால் துருவத்தைச் சுற்றும் காற்றுச் சுழல் வலுத்து, தென்கோளக் கோடையில் மேலைக் காற்று துருவத்தை நோக்கி நகர்ந்தது. ஆகவே ஆண்டுச் சராசரியோடு நிறுத்தாமல் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பருவத்தைத் தனியே பிரித்து, பல பத்தாண்டுகளுக்குச் சராசரி எடுத்து, இரு ஓட்டங்களின் வேறுபாட்டை ஆண்டுக்கு ஆண்டு காணும் இயல்பான ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடுங்கள்.