ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மூச்சுக்கும் தெம்புக்கும் பயிற்சி: வீட்டில் தொடங்குவது எப்படி?

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நான்காவது மாதம். இடது கையும் காலும் ஓரளவு அசையத் தொடங்கியிருந்தன. ஆனால் கூடத்திலிருந்து வாசல்வரை போய் வந்தாலே மூச்சு வாங்கியது. விரலை மடக்கி நீட்டுவது ஒரு பயிற்சி, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தெம்பு ஏற்றுவது வேறு பயிற்சி என்று பிசியோ சொன்னார். இரண்டாவதை நாங்கள் தொடவே இல்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

பிரஷர் எவ்வளவுக்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம்? இதயப் பரிசோதனை ஏதாவது தேவையா? சாப்பிடும் மாத்திரைகளில் எது நாடித்துடிப்பைக் குறைக்கும்? மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்குங்கள். ஸ்ட்ரோக் வந்த புதிதில் நீங்களாக எதையும் தொடங்காதீர்கள். முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள் என்று 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வு காட்டியது.

பொருள்கள்

கைப்பிடி உள்ள கனமான மர நாற்காலி, சுவரோடு ஒட்டிப் போட்டது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், எழும்போது நகரும். செருப்புக்குப் பதில் ஒட்டும் பட்டை வைத்த ஷூ. இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு பெல்ட். பிரஷர் கருவி மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவதை நான் நம்புவதில்லை.

நடை

இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் உட்கார்தல், இப்படி ஐந்து முறை. வாரம் மூன்று நாளில் தொடங்கி ஐந்து நாளுக்குப் போனோம். நடக்கும் நேரத்தை மெல்லக் கூட்டி 20 நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம். பலவீனமான பக்கம், அரையடி பின்னால் நின்று பெல்ட்டைப் பிடியுங்கள். அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும்.

எவ்வளவு சிரமப்பட வேண்டும்?

நான் தடுமாறியது இங்கேதான். நடந்து முடித்ததும் நாடி பிடித்துப் பார்ப்பேன். 78-ஐத் தாண்டாது. போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்று நடக்கவைத்தேன். மறுநாள் முழுக்க அப்பா கட்டிலைவிட்டு எழவில்லை.

காரணம், அவர் சாப்பிட்டுவந்த மெட்டோப்ரோலால். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். உடம்பு களைத்துப்போயிருக்கும், எண் மட்டும் குறைவாகவே காட்டும். ஆகவே எண்ணை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனியுங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் உடனே உட்காரவையுங்கள்.

பிசியோக்கள் இதையே போர்க் அளவுகோலில் சொல்வார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் வகுத்த அளவு அது, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதைப் பயிற்சி செய்பவரே 6 முதல் 20 வரை ஓர் எண்ணாகச் சொல்வது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குப் பொதுவாக 11-லிருந்து 14-க்குள் சொல்வார்கள், அதாவது 'லேசு' என்பதற்கும் 'கொஞ்சம் கஷ்டம்' என்பதற்கும் பக்கத்தில்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருத்தல்

வாரம் இரண்டு மூன்று நாள், 10 முதல் 15 முறை. எழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் பிரஷர் சட்டென்று ஏறும்.

நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் அத்துடன் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், வலி நிற்காவிட்டால் 108. முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, புதிதாகக் கை கால் தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108.

பின்சேர்க்கை: "அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை, நான் எதைக் கவனிப்பது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சிரிக்கும் முகத்திலிருந்து களைத்த முகம்வரை ஐந்து படம் வரைந்து அட்டையில் ஒட்டுங்கள். அவர் ஓய்வாக இருக்கும்போதே விரலால் தொட்டுக்காட்டப் பழக்குங்கள். பிறகு நடைக்கு நடுவில் அட்டையை நீட்டினால், மூன்றாவது முகம்வரை எதைத் தொட்டாலும் நடக்கலாம். நான்காவதைத் தொட்டால் நாற்காலி.