டெட் ஆன ஹார்ட் டிஸ்க்: எங்கே ஆரம்பிப்பது

எக்ஸ்டர்னல் டிஸ்க்கோடு வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி, உள்ளே இருப்பதற்கு வேறு காப்பி உண்டா என்பதுதான். இல்லையென்றால் டிஸ்க்கைப் பிழைக்க வைப்பது முக்கியமில்லை, ஃபைல்களை வெளியே எடுப்பதே வேலை. விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டிலேயே ஓடுகிறது. பழைய 2.0 போர்ட்டின் 500 மில்லிஆம்பியர் பல நேரம் போதாது. நல்ல போர்ட்டிலும் டக் டக் என்று தட்டினால் ஹெட், அதாவது டேட்டாவைப் படிக்கும் முனை, போயிருக்க வாய்ப்பு அதிகம். பீப் பீப் என்றால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது. இரண்டுக்கும் உடனே கழற்றி, டேட்டா ரெக்கவரி லேபுக்குக் கொடுங்கள். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் படியும்.

மூச்சே இல்லாத 3.5 அங்குல டிஸ்க் என்றால் எனக்கு நம்பிக்கை கூடும். அதற்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் முனையும் பல டிஸ்க் பெட்டிகளில் அப்படியே பொருந்திவிடும், ஆபத்தே அதுதான். பெட்டியைத் திறந்து, டிஸ்க்கின் அடியிலுள்ள பச்சை போர்டை மட்டும் கழற்றுங்கள். மூடிய உலோக அறையைத் தொடக் கூடாது. பவர் கனெக்டர் பக்கத்தில் கறுப்பாக, சதுரமாக இரண்டு டிவிஎஸ் டையோடு இருக்கும், ஒன்று 12 வோல்ட்டுக்கு, மற்றது 5 வோல்ட்டுக்கு. அதிக வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்ற பாகங்களைக் காப்பதுதான் அவற்றின் வேலை. மல்டிமீட்டரை வையுங்கள். ஓம் கிட்டத்தட்ட 0 என்றால் அந்த டையோடு போய்விட்டது. அதை எடுத்துவிட்டாலே பல டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும். இனி பாதுகாப்பு கிடையாது, ஆகவே சரியான அடாப்டர் போட்டு காப்பி எடுத்ததும் டிஸ்க்கை ஓய்வில் விடுங்கள். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டுவது பெரும்பாலும் பலிக்காது, பழைய போர்டிலுள்ள, அந்த டிஸ்க்குக்கே உரிய விவரங்கள் பதிந்த எட்டுக் கால் ரோம் (ROM) சிப்பையும் புதியதற்கு மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி போர்டு மட்டும் போயிருக்கலாம். டிஸ்க்கை வெளியே எடுத்து, கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா (SATA) கேபிளில் நேராக இணைத்துப் பாருங்கள். சில மாடல்களில் அந்த போர்டே டேட்டாவைப் பூட்டி என்கிரிப்ட் செய்யும், நேராக மாட்டினால் ஒன்றும் படிக்காது. சில சின்ன டிஸ்க்குகளில் யுஎஸ்பி கனெக்டரை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் சாட்டாவே இருக்காது.

சுற்றுகிறது, ஆனால் திணறுகிறது என்றால் விண்டோஸில் பிழை திருத்தும் செக்டிஸ்க் (chkdsk) ஓட்டாதீர்கள். லினக்ஸில் டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற மீட்பு புரோகிராம் கொண்டு, பழுதான டிஸ்க்கைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு முழு இமேஜ், அதாவது அச்சு நகல், எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுத்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஃபைல்களைத் தேடுவதெல்லாம் அந்த இமேஜில்தான்.