பல்லிக்குப் போடும் பூச்சிக்கு முதலில் சாப்பாடு

மிளகு என்று நாங்கள் பெயர் வைத்த, லெப்பர்ட் கெக்கோ வகை வளர்ப்புப் பல்லிக்கு அப்போது ஏழு மாதம். நடக்கும்போது பின்னங்கால் விரல்கள் வெடவெடவென்று ஆடின. குளிராக இருக்கும் என்று நினைத்து, கூண்டுக்கு அடியில் இருந்த ஹீட் மேட்டின் சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன். நான்கு நாள் கழித்து ஒரு சில்வண்டைப் பாய்ந்து கவ்வியது, ஆனால் கடிக்க முடியாமல் விட்டுவிட்டது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் மிளகின் கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்திக் காட்டினார். ரப்பர் மாதிரி வளைந்தது.

"என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?"

"சில்வண்டு, மாவுப்புழு. வயிறு நிறையக் கொடுக்கிறேன்."

"சரி, அந்தச் சில்வண்டு என்ன சாப்பிடுகிறது?"

என்னிடம் பதில் இல்லை. பூச்சி வந்த டப்பாவில் இருந்தது ஒரு முட்டை அட்டையும் காய்ந்துபோன கேரட் துண்டும்தான். அதே டப்பாவை நான்கைந்து நாள் வைத்திருந்து, அதிலிருந்து தினமும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டினி கிடந்த பூச்சிகளைத்தான் மிளகுக்கு ஊட்டியிருக்கிறேன். கால்சியம் மருந்து, யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு, பல மாதப் பராமரிப்பு என்று மிளகு தேறிவிட்டது. வலது பின்னங்கால் மட்டும் இன்றும் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது. அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். உங்கள் பிராணிக்கு அப்படி ஆகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பூச்சியில் என்ன குறை

பூச்சிக்கு எலும்பு கிடையாது. அதன் ஓடு கைட்டின் என்ற நார்ப்பொருளாலும் புரதத்தாலும் ஆனது. அதனால் எலும்புள்ள ஒரு பிராணிக்குத் தேவையான கால்சியம் பூச்சியின் உடம்பில் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு கிலோ வளர்ந்த சில்வண்டில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 3000 மில்லிகிராம் இருக்கிறது, கால்சியமோ 400 மில்லிகிராம் அளவில்தான். மாவுப்புழு இன்னும் மோசம்: பாஸ்பரஸ் 2800க்கு மேல், கால்சியம் 170 அளவில். பல்லிக்கோ கால்சியம் குறைந்தது பாஸ்பரஸ் அளவுக்காவது வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. இந்தக் கணக்கு தலைகீழாகப் போனால், இரத்தத்தில் குறைகிற கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மிளகின் தாடை வளைந்தது அப்படித்தான்.

பூச்சியின் உடம்பை நம்மால் மாற்ற முடியாது. அதன் குடலில் என்ன இருக்கிறது என்பதை மாற்றலாம். பல்லி பூச்சியை முழுசாக விழுங்குகிறது, குடலில் இருப்பதும் சேர்ந்தே உள்ளே போகிறது. இதைத்தான் கட் லோடிங் என்கிறார்கள். பூச்சியின் குடலை நல்ல சத்தால் நிரப்பி, அது செரித்து வெளியேறுவதற்குள் பல்லிக்குக் கொடுத்துவிடுவது.

இரண்டு சாப்பாடு, இரண்டு டப்பா

பலர் குழம்புவது இங்கேதான், நானும் ஒரு வருடம் குழம்பினேன். பூச்சி உயிரோடு வளர்வதற்கான அன்றாடச் சாப்பாடு வேறு. பல்லிக்குக் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அது சாப்பிட வேண்டியது வேறு. இரண்டாவதில் கால்சியம் மிக அதிகம். அதையே தொடர்ந்து போட்டால் சில்வண்டுகள் சாக ஆரம்பித்துவிடும். முதலாவதை மட்டும் போட்டால் பூச்சி கொழுகொழுவென்று இருக்கும், பல்லிக்குக் கால்சியம் போகாது.

அதனால் என்னிடம் எப்போதும் இரண்டு டப்பா உண்டு. பெரியது வளர்ப்பு டப்பா. சிறியது நிரப்பு டப்பா. அதன் மூடியில் பூச்சியை உள்ளே விட்ட நாளும் நேரமும் பென்சிலில் எழுதியிருக்கும்.

வளர்ப்பு டப்பாவுக்கு ஓட்ஸ் பொடி, கொஞ்சம் கோதுமைத் தவிடு, சோயா மாவு போதும். கூடவே கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி, கடுகுக் கீரை என்று மாற்றி மாற்றிப் போடுவேன். நன்றாகக் கழுவிய பிறகுதான்; காயில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து நம்மை ஒன்றும் செய்யாமல் போகலாம், சில்வண்டைக் கொன்றுவிடும். அன்று வைத்த காய் மறுநாள் காலை வெளியே போய்விட வேண்டும். பூஞ்சை ஒரு முறை பிடித்தால் டப்பா முழுக்கப் பரவிவிடும்.

பாலக்கீரையைத் தவிர்த்துவிடுகிறேன். அதிலிருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் அவகேடோவும் வேண்டாம். வெளிறிய லெட்டூஸ் தீங்கில்லை, ஆனால் அதில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

நாய், பூனைக்கான உலர் தீவனத்தைப் பொடித்துப் போடலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் அதை நிறுத்திவிட்டேன், குறிப்பாகப் பல்லித் தீனிக்காக வளர்க்கும் கரப்பானுக்கு. புரதம் மிஞ்சினால் கரப்பான் அதை யூரிக் அமிலமாகத் தன் கொழுப்புத் திசுவில் சேர்த்து வைக்கும். அதைத் தின்னும் பல்லி வகைகளுக்கும் யூரிக் அமிலத்தைக் கழிப்பதுதான் பெரிய வேலை. அது தேங்கினால் கவுட் என்ற மூட்டு வீக்க நோய் வரும். தெரிந்தே ஏன் கூடுதல் சுமை ஏற்ற வேண்டும்?

நிரப்பு மாவு

நிரப்பு மாவில் எடைக்கு 8 சதவீதமாவது கால்சியம் இருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் இந்த உழைப்புக்குப் பெரிய பலன் இல்லை. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம். ஆக 100 கிராம் மாவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் போட்டால் 8 கிராம் கால்சியம் வந்துவிடுகிறது. நான் கலப்பது இப்படி:

கால்சியம் கார்பனேட் 20 கிராம்
ஓட்ஸ் பொடி 30 கிராம்
காய்ந்த அல்ஃபால்ஃபா (குதிரைமசால் என்ற தீவனப் பயிர்) இலைப் பொடி 30 கிராம்
காயவைத்து அரைத்த கேரட் 10 கிராம்
சோயா மாவு 8 கிராம்
ஸ்பைருலினா (பச்சைப் பாசிப் பொடி) 2 கிராம்

கண் அளவு வேண்டாம், சமையலறைத் தராசிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். வெறும் கால்சியம் கார்பனேட் என்று இருக்க வேண்டும். எலும்புத் தூளிலும் டைகால்சியம் பாஸ்பேட்டிலும் பாஸ்பரஸ் கூடவே வந்துவிடும். நாம் சரிசெய்யப் பார்ப்பதே அதைத்தானே. முட்டை ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். வேகவைத்துக் காயவைத்து மாவுபோல அரைக்க முடிந்தால் தாராளமாகப் போடலாம்.

அரைப்பதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். முதல் தடவை நான் கொரகொரப்பாக அரைத்தேன். சில்வண்டுகள் ஓட்ஸ் துகளையெல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டு, வெள்ளைத் தூளைத் தட்டின் அடியில் அப்படியே விட்டுவிட்டன. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் ஓட்டி, மெல்லிய சல்லடையில் சலித்து, சல்லடையில் தங்கியதை மறுபடி அரைத்தேன். டால்கம் பவுடர் மாதிரி விரலில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் பொறுக்க முடியாது. கலந்ததைக் காற்றுப் புகாத பாட்டிலில், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.

அந்த இரண்டு நாள்

மிளகுக்கு ஞாயிறு இரவு சாப்பாடு என்றால் வெள்ளி இரவே பூச்சிகளை நிரப்பு டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். 48 மணி நேரம். 24 மணிக்குக் குறைந்தால் குடல் சரியாக நிரம்பாது. மூன்று நாளைத் தாண்டவும் கூடாது.

இந்த டப்பாவில் மாவைத் தவிர வேறு சாப்பாடு வைக்காதீர்கள். கேரட்டும் கீரையும் பக்கத்தில் இருந்தால் பூச்சி ஈரமான அதைத்தான் முதலில் தேடிப் போகும், மாவைத் தொடாது. காய்கறிச் சத்து போகட்டும் என்றுதான் கேரட்டைப் பொடியாக மாவிலேயே சேர்க்கிறேன். ஆனால் தண்ணீர் கட்டாயம் வேண்டும். தாகமெடுத்த பூச்சி உலர்ந்த மாவைத் தின்னாது. திறந்த கிண்ணத்தில் வைத்தால் சில்வண்டு மூழ்கிச் சாகும். தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் வாட்டர் கிரிஸ்டல் ஜெல் சின்ன மூடியில் போதும். பஞ்சை நனைத்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன், ஒரே நாளில் நாறிவிடுகிறது.

மாவுத் தட்டும் ஜெல்லும் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும், மாவு நனையாது. ஒளிந்துகொள்ள ஒரு முட்டை அட்டை. டப்பா 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கதகதப்பாக இருக்க வேண்டும், குளிர்ந்த பூச்சிக்குப் பசி எடுக்காது. மூடியில் காற்றோட்டத்துக்கு வலை. திறக்கும்போது அம்மோனியா வாடை அடித்தால் டப்பாவைச் சுத்தம் செய்து அதிக நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

பூச்சிக்குப் பூச்சி மாறும்

மாவுப்புழு தவிட்டிலேயே வாழ்கிறது, தவிட்டையே தின்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஆகவே சலித்து எடுத்து, தவிடே இல்லாத நிரப்பு மாவில் இரண்டு நாள் விடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த புழுவை எடுத்தவுடன் போடாதீர்கள். அங்கே அது அரைத் தூக்கத்தில் இருக்கிறது, குடல் காலி. வெளியே எடுத்து அறை வெப்பத்தில் ஊர ஆரம்பித்த பிறகுதான் 48 மணிக் கணக்கைத் தொடங்க வேண்டும். மாவுப்புழு மாதிரியே இருக்கும், ஆனால் அதைவிடப் பெரிய சூப்பர்வார்முக்குக் குளிரே ஆகாது, செத்துப்போகும்.

டூபியா கரப்பான் நிதானமான பிராணி. எங்களிடம் பியர்டெட் டிராகன் என்ற பெரிய பல்லி வகையும் ஒன்று உண்டு, பெயர் கொன்றை; அதற்கு இதுதான் முக்கியச் சாப்பாடு. இரவில்தான் தின்னும் என்பதால் டப்பாவை இருட்டாக வைத்து, முழுசாக மூன்று இரவு கொடுத்துவிடுகிறேன்.

பட்டுப்புழு மல்பெரி இலையையோ அதிலிருந்து செய்த தீவனத்தையோ தவிர வேறு எதையும் தின்னாது, அதை அதன் போக்கில் விடுங்கள். மெழுகுப்புழுவில் கொழுப்பு அதிகம்; எப்போதாவது ஒன்றிரண்டு போதும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு: அதன் தோலிலேயே கால்சியம் படிந்திருப்பதால் இந்த வேலை எதுவும் தேவையில்லை. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் ஒருபுறம் இருக்கட்டும், சிலவகை மின்மினியில் ஒன்றே ஒன்று போதும் ஒரு பியர்டெட் டிராகனின் உயிரை எடுக்க.

மேலே தூவும் பொடி

குடலை நிரப்பிவிட்டோம், இனி கால்சியம் பொடி தூவ வேண்டாமா என்று கேட்பார்கள். தூவத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. சில்வண்டு தன்னைத்தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும். பல்லி உடனே பிடிக்கவில்லை என்றால் பொடியில் பாதி தரையில் கிடக்கும். குடலுக்குள் இருப்பது உதிராது. பூச்சிகளை ஒரு சிறு பையில் போட்டு, ஒரு சிட்டிகைப் பொடியோடு மெல்லக் குலுக்கி, அடுத்த நிமிடமே கொடுத்துவிடுங்கள்.

வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. அது யுவிபி வெளிச்சத்திலிருந்தோ பொடியிலிருந்தோ வர வேண்டும். வைட்டமின் ஏ பூச்சியில் கிட்டத்தட்ட இல்லை. கேரட், பூசணியில் இருக்கும் கரோட்டினை எல்லா ஊர்வனவும் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் என்று நம்பிவிட முடியாது. பச்சோந்திகளுக்குக் கண் வீங்குவதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். அதற்காக மல்டிவைட்டமினை அள்ளிப் போடவும் கூடாது. ஏ, டி3 இரண்டும் உடம்பில் தங்கி நஞ்சாகும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை உங்கள் பிராணியைப் பார்த்த மருத்துவரிடமே கேளுங்கள்.

கொடுக்கும்போது

பூச்சியின் அளவு பல்லியின் இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தாண்ட வேண்டாம். நிரப்பு டப்பாவிலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்; குடல் காலியாகிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய சில்வண்டைக் கூண்டில் விட்டுவைக்காதீர்கள், இரவில் பசித்தால் பல்லியையே கடிக்கும். என் மகள் வாரம் ஒரு முறை மிளகையும் கொன்றையையும் நிறுத்து நோட்டில் எழுதுகிறாள். எடை குறைந்தாலோ, கால் நடுங்கினாலோ, தாடை மென்மையாகத் தெரிந்தாலோ மாவை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்த நான்கு நாள் அதிகம்.

பூச்சி உண்மையிலேயே மாவைத் தின்றதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நிரப்பு டப்பாவின் தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். முதல் இரவு விழும் எச்சம் பழைய சாப்பாட்டின் பழுப்பு நிறத்தில் இருக்கும். அல்ஃபால்ஃபாவும் ஸ்பைருலினாவும் உள்ளே போனபின் பச்சை கலந்து விழத் தொடங்கும். இரண்டாம் நாள் மாலையிலும் பழுப்பாகவே இருந்தால் சூடு போதவில்லை, அல்லது தண்ணீர் தீர்ந்திருக்கிறது, அல்லது மாவு கொரகொரப்பாக இருக்கிறது. அதைச் சரிசெய்து இன்னும் ஒரு நாள் விட்டு, அப்புறம் கொடுங்கள்.